மாட்டுங்கா சபாவும் தாராவிச் சந்தும்

தாணேயில் ஸ்லோ லோக்கல் பிடித்தால் குர்லா தாண்டியதும் சயான், அதற்கடுத்து மாட்டுங்கா. சயானில் இறங்கி மேற்கே நடந்தால் தாராவி. மாட்டுங்காவில் இறங்கிக் கிழக்கே போனால் பூக்கடைகள், மைசூர் கஃபே, அப்புறம் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஷண்முகானந்தா அரங்கம். இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே சில நிமிடப் பயணம்தான். இரண்டு இடத்திலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாட்டுக் கேட்கிறார்கள். ஆனாலும் ஓரிடத்தில் கொண்டாடப்படும் பாடகரின் பெயர் மற்ற இடத்துக்கு எட்டியதே இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டியவன் தாணேயில் எங்கள் வர்த்தக் நகர் கட்டடத்தின் மூன்றாம் மாடிப் பையன். சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, படுக்கையறையிலேயே பதிவு செய்து ஸ்பாட்டிஃபையில் ஏற்றுகிறவன். ஒருநாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டான்: "மாமா, நாலு பாட்டு போட்டு எட்டு மாசமாச்சு. கேக்கறவங்க கூடவே மாட்டேங்கறாங்க. நீங்கதான் இவ்வளவு வருஷமா சபா சபான்னு போறீங்களே, அங்கல்லாம் கூட்டம் எப்படிச் சேருது?"

வேறு ஏதோ கேட்பதாக நினைத்துக் கேட்டுவிட்டான். ஆனால் சரியான கேள்வி அதுதான்.

ஷண்முகானந்தா சபா 1952இல் தொடங்கியது. அரங்கம் திறந்தது 1963இல். ஏறத்தாழ 2,700 இருக்கைகள். 1990இல் தீவிபத்து, மறுபடி கட்டி முடித்துத் திறக்க 1998 ஆகிவிட்டது. நடுவில் அந்த எட்டு வருடம் சபாவுக்குக் கூரை இல்லை. ஆனாலும் சபா கலையவில்லை. ஏனென்றால் சபா என்பது கட்டடத்தில் இல்லை, உறுப்பினர் பதிவேட்டில் இருந்தது. யார் யார், எந்தத் தெரு, யாருக்கு அழைப்பிதழ் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருந்தது.

இதற்கு நேர் எதிரே செயலிகளை வையுங்கள். 2024இல் மட்டும் இந்தியாவில் இரண்டு பாட்டுச் செயலிகள் கடையைக் கட்டின. ஜனவரியில் ரெஸ்ஸோ, பிற்பகுதியில் ஏர்டெலின் விங்க். அவற்றில் ஒரு பாடகரை விரும்பிப் பின்தொடர்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அந்தப் பாடகருக்குத் தெரிய வழியே இல்லை. பெயரும் தெரியாது, எண்ணும் தெரியாது. கட்டடம் எரிந்தும் சபாவுக்குப் பதிவேடு மிஞ்சியது. செயலி மூடியபோது பாடகரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. சொந்தமாகப் பாடுகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்பேன். ஸ்ட்ரீமிங்கில் ரசிகரைக் கண்டுபிடிக்கலாம். வைத்துக்கொள்வதற்கு வேறு இடம் வேண்டும். ஒரு வாட்ஸாப் குழுவோ, மின்னஞ்சல் பட்டியலோ, ஒரு கோடு போட்ட நோட்டோ, எதுவானாலும் சரி.

தாராவிக்கு வருவோம். அங்கே ஹிப்ஹாப் முளைத்தது செயலியில் அல்ல, சந்தில். ஸ்லம்காட்ஸ் குழுவினர் பிள்ளைகளுக்கு பிரேக் டான்ஸ் கற்றுக்கொடுத்தார்கள். ஏ.ஆர். ரஹ்மான் பங்குபெற்ற க்யூகி நிறுவனத்தின் ஆதரவில் ஹிப்ஹாப்புக்கென்றே ஒரு மாலைப் பள்ளி தொடங்கியது. டோப்பாடெலிக்ஸ், செவன் பண்டாய்ஸ், எம்சி அல்தாஃப் எல்லாரும் இந்த மண்ணிலிருந்து வந்தவர்கள். டோப்பாடெலிக்ஸ் குழுவின் ஸ்டோனி சைக்கோவும் டோப் டாடியும் தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் ராப் பாடுகிறார்கள். போலீஸ் பிடித்து நிறுத்துவதைப் பற்றி அவர்கள் மராத்தியில் பாடிய 'ஆய் ஷப்பத் சாஹேப் மீ நவ்தோ' தாராவியின் எந்த வீட்டுக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத பாட்டு. எம்சி அல்தாஃபின் 2019ஆம் ஆண்டுப் பாட்டுக்குப் பெயரே 'கோட் மும்பை 17'. மும்பை 17 என்பது தாராவியின் தபால் எண். தன் தெருவின் முகவரியையே பாட்டின் தலைப்பாக வைத்தவருக்கு முதல் ரசிகர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அந்த எண்ணைக் கடிதத்தில் எழுதுகிற ஒவ்வொருவரும் அவருடைய பாட்டில் இருந்தார்கள்.

தேதிகளைப் பார்த்தால் ஒன்று புரியும். தாராவி ராப்பர்களின் உலகத்தைக் காட்டிய 'கல்லி பாய்' படம் வந்தது 2019 பிப்ரவரி 14. ஸ்பாட்டிஃபை இந்தியாவில் கால் வைத்தது அதே பிப்ரவரி 26. பன்னிரண்டே நாள் இடைவெளி. ஆனால் அதற்கு முன்பே டோப்பாடெலிக்ஸ் 2018இல் ரஜினியின் 'காலா'வில் பாடிவிட்டார்கள். 'செம்ம வெயிட்டு' பாட்டில் அவர்கள் குரல் இருக்கிறது. அதாவது செயலி வந்து அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை. சந்தில் கூட்டம் சேர்ந்து, யூடியூப் வழியாகப் பரவி, சினிமா தேடி வந்து, அதற்கப்புறம்தான் ஸ்பாட்டிஃபை வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக நடத்தப் பார்க்கிறவர்கள்தான் இப்போது அதிகம்.

சபாவில் புதுப் பாடகர் எப்படி மேலே வருகிறார்? முதலில் மத்தியானக் கச்சேரி. முன்வரிசையில் குருவும் பெற்றோரும், பின்னால் மின்விசிறிக்கு நேர்கீழே மூன்று பெரியவர்கள். அந்த மூவரில் ஒருவர் அடுத்த வாரம் சபா செயலாளரிடம், "அந்தப் பொண்ணு தோடி நன்னாப் பாடினா" என்று சொல்வார். அடுத்த வருடம் மாலைக் கச்சேரி கிடைக்கும். பத்து வருடம் ஆகும். மெதுவானதுதான், அநியாயமும் உண்டு. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்து மேடை கொடுத்த காலம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. தாராவிப் பையன் எவனுக்கும் அந்தச் செயலாளரின் கதவு திறந்ததில்லை. செயலியில் கதவே கிடையாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கட்டணம் கட்டினால் இளையராஜா பாட்டுக்குப் பக்கத்திலேயே உங்கள் பாட்டும் இருக்கும். இது பெரிய விடுதலை, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த மூன்று பெரியவர்கள் செய்த வேலையைச் செயலியில் யாராவது செய்தாக வேண்டுமே. அங்கே அதைச் செய்வது கணக்கு. ஒருவர் பாட்டைக் கேட்டுவிட்டுச் சேமித்தாரா, தன் பிளேலிஸ்ட்டில் சேர்த்தாரா, திரும்ப வந்தாரா, பாதியில் தள்ளிவிட்டாரா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. முப்பது விநாடி ஓடினால்தான் ஸ்பாட்டிஃபையில் அது ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்காகும். தள்ளிவிட்டவர்கள் அதிகமானால் அடுத்தவர் காதுக்கு அது பாட்டைக் கொண்டுபோகாது. திரும்ப வந்தவர்கள் இருபது பேரே ஆனாலும், அவர்களைப் போன்ற ரசனையுள்ள மற்றவர்களிடம் கொண்டுபோய்ப் பார்க்கும். ஆக இயந்திரமும் தேடுவது பின்வரிசைப் பெரியவரைத்தான்: அடுத்த வாரமும் வருகிறவரை.

எங்கள் மூன்றாம் மாடிப் பையன் தடுக்கி விழுந்தது இங்கேதான். இன்ஸ்டாகிராமில் வந்த ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் பணம் அனுப்பினான். ஒரே வாரத்தில் ஸ்ட்ரீம் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. என்னிடம் போனை நீட்டிக் காட்டினான், முகமெல்லாம் வெளிச்சம். கேட்டவர்கள் எந்த ஊர் என்று பார்க்கும் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். தமிழ்ப் பாட்டை ஏன் கேட்கிறார்கள் என்றே புரியாத ஊர்கள். ஒருவர்கூடச் சேமிக்கவில்லை. இரண்டு மாதத்தில் பாட்டையே எடுத்துவிட்டார்கள். போலி ஸ்ட்ரீம்களை ஸ்பாட்டிஃபை கண்டுபிடித்தால் வருமானத்தைத் தருவதில்லை. 2024 முதல், அப்பட்டமான மோசடி என்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று அபராதமும் போடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர்கள் அந்தக் கோபத்தைப் பாடகர் மேல் காட்டுகிறார்கள். பணம் கொடுத்து ஆள் கூட்டி நாற்காலியை நிரப்பிய கச்சேரிக்கு யார் அடுத்த வாரம் வருவார்கள்?

நாள் குறிப்பதிலும் இரண்டு உலகமும் ஒன்றுதான். நாளைக் கச்சேரிக்கு இன்றைக்கு அழைப்பிதழ் அடித்தால் என்ன ஆகும்? ஆனால் பாட்டை முடித்த இரவே ஏற்றிவிடுகிற பழக்கம் எத்தனை பேருக்கு! ஸ்பாட்டிஃபையில் வெளியாகாத பாட்டை மட்டும்தான் பிளேலிஸ்ட் தொகுப்பவர்களின் பார்வைக்கு அனுப்ப முடியும். வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே அனுப்பினால், பின்தொடர்கிறவர்களுக்கு வாராவாரம் போகும் புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டே சேரும். டிஸ்ட்ரிபியூட்டர் வேலைக்கும் நாள் வேண்டும் என்பதால் மூன்று நான்கு வாரம் முன்பே எல்லாம் தயாராக இருப்பது நல்லது.

மொழி விஷயத்தில்தான் சபாவின் பக்கம் என் மனசு சாய்கிறது. மராத்தி ஊரில், தமிழர் கூடிய அரங்கில், தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனையை எல்லாரும் தலையாட்டிக் கேட்பார்கள். எந்த மொழி என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. செயலியில் பாட்டை ஏற்றும்போதோ, டிஸ்ட்ரிபியூட்டரின் படிவம் முதலிலேயே கேட்கிறது: மொழி எது? தாராவிப் பாட்டில் ஒரு வரி தமிழ், அடுத்தது இந்தி, வசவு மராத்தி. ஒரு மொழியைத்தான் குறிக்க வேண்டும். தமிழ் என்றால் சென்னை சினிமாப் பாட்டுக் கடலில் போய் விழும். இந்தி என்றால் அதைவிடப் பெரிய கடல். என் யோசனை, பாட்டில் ஓங்கி நிற்கும் மொழியை நேர்மையாகக் குறித்துவிட்டு, பாட்டைப் பற்றி எழுதச் சொல்லும் இடத்தில் ஊரைச் சொல்லுங்கள்: இது மும்பைத் தமிழ். டொரொண்டோவிலும் கோலாலம்பூரிலும் தோஹாவிலும் இதே மாதிரி கலந்து பேசுகிற தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கில் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அந்தப் பிள்ளைகளைத் தொட முடியாது; செயலியால் முடியும்.

காசு. சபாவில் உறுப்பினர் கட்டும் சந்தா ஒரே உண்டியலில் விழும். அவர் வராத கச்சேரிக்கும் அதிலிருந்துதான் சன்மானம். ஸ்பாட்டிஃபையிலும் உண்டியல் ஒன்றுதான். மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். ஒருவர் மாதம் முழுக்கத் தாராவிப் பாட்டை மட்டுமே கேட்டாலும் அவர் கட்டிய பணத்தில் பெரும்பகுதி பெரிய நட்சத்திரங்களுக்குத்தான் போகும். சவுண்ட்கிளவுட் 2021இல் இதை மாற்றி, யாரைக் கேட்டாரோ அவருக்கே அவர் பணம் போகிற முறையைச் சிறு கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது; ஸ்பாட்டிஃபை அதைப் பின்பற்றவில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்குப் பதிவு வருமானமே கிடையாது. சபாவில் மத்தியானக் கச்சேரிக்கு மூடியிட்ட டம்ளரில் காபியாவது கொடுப்பார்கள்.

கூட்டம் வந்துவிட்டால் காசும் வந்துவிடும் என்று நம்பாதீர்கள் என்பதற்கு 'எஞ்சாயி எஞ்சாமி' சாட்சி. தீயும் அறிவும் பாடி 2021 மார்ச்சில் வந்த அந்தப் பாட்டை யூடியூபில் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில். மூன்று வருடம் கழித்து 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்: அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாவும் வந்து சேரவில்லை. உலகமே பாடிய பாட்டுக்கே அந்தக் கதி என்றால், ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பையனுக்கு என்ன நடக்கும்? பதிவின் உரிமை யாரிடம், வரிக்கும் மெட்டுக்கும் உரிமை யாரிடம் என்பது இரண்டு தனித்தனிக் கேள்வி. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் வரவேண்டிய ராயல்டியைப் பறிக்க முடியாதபடி பாதுகாப்பு வந்தது. அதை வசூலித்துத் தருகிற ஐபிஆர்எஸ் 1969 முதல் மும்பையில்தான் இருக்கிறது. உறுப்பினராகச் சேர வேண்டும், அவ்வளவுதான். சேராதவருக்காக யாரும் போய்ப் பேசப் போவதில்லை.

மூன்றாம் மாடிப் பையன் எடுக்கப்பட்ட பாட்டை மறுபடி ஏற்றவில்லை. புதிதாக ஒன்று எழுதினான். தாணே ஸ்டேஷனின் இரண்டாம் நம்பர் பிளாட்பாரத்தைப் பற்றிய பாட்டு, காலை எட்டு மணிக் கூட்டத்தில் அம்மா அவனைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டதைப் பற்றி. வெளியீட்டு நாளை மூன்று வாரம் தள்ளி வைத்திருந்தான். அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் கிடாரோடு பாடிக் காட்டினான். முப்பது பேர் இருப்போம். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அவன் அம்மா எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தாள். கீழே இறங்கும்போது கையில் ஒரு நோட்டோடு படிக்கட்டில் நின்றிருந்தான்.

"மாமா, பேரும் நம்பரும் எழுதிட்டுப் போங்க. பாட்டு வர்ற அன்னிக்குக் காலையில மெசேஜ் போடறேன்."

எனக்கு முன்னால் பதினேழு பேர் எழுதியிருந்தார்கள்.