மழையில் நட்டு விழாவில் பறிக்கும் மலர்கள்

நவராத்திரி நெருங்கும் நாள்களில் தில்லி, கொல்கத்தா, மும்பை, பெங்களூர் ஆகிய எந்நகரத்துப் பூக்கடை வீதிக்குச் சென்றாலும், மஞ்சளும் செம்மஞ்சளுமாகக் குவிந்து கிடக்கும் ஒரு மலரைக் காண்கிறோம். இந்தியில் கேந்தா, வங்காளியில் காந்தா, மராட்டியில் ஜெண்டு, கன்னடத்தில் செண்டு, தெலுங்கில் பந்தி என்று அதற்குப் பெயர். இந்தியில் 'கேந்த்' என்பதும், கன்னடத்தில் 'செண்டு' என்பதும், தெலுங்கில் 'பந்தி' என்பதும் பந்தையே குறிக்கும் சொற்கள். தமிழிலும் செண்டுப்பூ என்னும் வழக்கு உண்டு. ஆயினும், துலுக்கச் சாமந்தி என்பது நம்மிடையே நன்கு வேரூன்றிய பெயர். பிற மொழியார் உருவத்தைக் கண்டு பெயரிட, தமிழரோ அது அயலிலிருந்து வந்தது என்னும் செய்தியைப் பெயரிலேயே பொதிந்து வைத்தனர். வந்த திசையில்தான் பிழை நேர்ந்துவிட்டது. ஆங்கிலேயரும் இதனை ஆப்பிரிக்க மலர் என்றே அழைத்தனர், அதுவும் பிழைதான்.

இதன் தாயகம் மெக்சிகோ. ஸ்பானியர் அந்நாட்டை 1519 முதல் 1521 வரை நடந்த போரில் கைக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்பே, அஸ்டெக் மக்கள் இம்மலரை வழிபாட்டிற்கும் மருந்திற்கும் வளர்த்து வந்தனர். பின்னர் ஐரோப்பியக் கப்பல்களில் ஏறிய விதை, போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டை அடைந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து.

எத்தனையோ அயல்நாட்டுச் செடிகள் இங்கு வந்திருக்க, இது மட்டும் சிற்றூர் வேலியிலும் கோயில் வாயிலிலும் இவ்வளவு இயல்பாகக் குடியேறியது எங்ஙனம் என்று நேயர்கள் வினவலாம். விடை வானிலையில் இருக்கிறது. மெக்சிகோ நகரமும் மும்பையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், வடக்கே 19 பாகையில் அமைந்தவை. இரண்டிலும் கோடையை அடுத்து ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அம்மழையில் தழைத்து, பகற்பொழுது குறுகத் தொடங்கும் வேளையில் நிறையப் பூப்பது இச்செடியின் இயல்பு. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் இறந்தோரை வரவேற்கும் விழாவிற்கு இம்மலரைப் பரப்புகின்றனர். இங்கோ தசராவிற்கும் தீபாவளிக்கும் தோரணமாகிறது. கடல் கடந்தும் அதன் பஞ்சாங்கம் மாறவில்லை! புதிதாக எதையும் கற்க வேண்டிய தேவை அதற்கு நேரவில்லை.

வாடாமல்லியும் அந்திமந்தாரையும் அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தவை என்றால் நம்மவரில் பலர் நம்பமாட்டார்கள். பெயர்கள் அத்துணைத் தமிழாகிவிட்டன. ஜின்னியா மட்டும், ஜின் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரைச் சுமந்துகொண்டு அயலாகவே நிற்கிறது. காசித்தும்பையோ நம் நாட்டுச் செடி. அது 16ஆம் நூற்றாண்டிலேயே இங்கிருந்து புறப்பட்டு ஐரோப்பியத் தோட்டங்களில் இடம் பெற்றுவிட்டது.

ஐரோப்பியர் தம் ஊர்ப் பூக்களை இங்குக் கொணர்ந்த கதை வேறு. கல்கத்தாவில் 1787இல் கும்பினியாரின் தாவரத் தோட்டமும், 1820இல் வில்லியம் கேரியின் முயற்சியால் வேளாண்மை தோட்டக்கலைச் சங்கமும் தோன்றின. அயல் விதைகள் வந்து பரவின. ஆனால் இங்கிலாந்தில் வசந்தத்தில் விதைத்துக் கோடையில் கண்டு மகிழும் பூக்களை வடஇந்தியச் சமவெளியில் அவ்வாறே விதைத்தால், சித்திரை வெயில் கருக்கிவிடும். ஆகவே விதைக்கும் காலம் மழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபருக்கு மாறிற்று. அவர்களுடைய கோடை மலர் இங்குக் குளிர்கால மலராயிற்று.

அம்மரபின் உச்சம் தில்லியில் உள்ளது. லட்யென்ஸ் வகுத்த திட்டத்தின்படி, 1928-29ஆம் ஆண்டுகளில் தோட்டக்கலை வல்லுநர் மஸ்டோ நட்டு வளர்த்த தோட்டம், இன்று குடியரசுத் தலைவர் மாளிகையை அணிசெய்கிறது. அம்மாளிகை வளாகத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் இராஜாஜி, உணவுப் பஞ்ச நாளில் கோதுமை பயிரிடச் செய்ததும் நினைவுகூரத்தக்கது. பல்லாண்டுகளாக மக்கள் அத்தோட்டத்தைக் காணச் சென்றது பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில்தான். 2023 ஜனவரியில் அமிர்த உத்யான் எனப் பெயர் மாறிய அத்தோட்டம், அவ்வாண்டு ஆகஸ்டு 16 முதல், கோடை மலர்களுக்கென்றே மீண்டும் ஒருமுறை திறக்கப்பட்டது. சாமானியர் முற்றத்தில் நெடுங்காலம் இருந்த பருவத்திற்கு மாளிகையில் சற்றுத் தாமதமாகவே வரவேற்புக் கிடைத்தது எனலாம்.

வடபுலத்தில் வாழும் நம்மவர் ஒன்றைக் கருத வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியை நாம் மறப்பதில்லை. ஆனால் சென்னையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. தில்லியிலோ ஆடியே அடைமழைக் காலம். சமநிலப் பாத்தியில் தூவிய விதை நீர் தேங்கி அழுகிவிடும். அரை அடி உயர்த்திய மேட்டுப் பாத்தியில், ஆனி இறுதியிலோ ஆடித் தொடக்கத்திலோ துலுக்கச் சாமந்தியை விதைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். ஏறக்குறைய ஒரு மாத நாற்றை மாலை வேளையில் பிடுங்கி, ஒன்றரை அடி இடைவெளியில் நட வேண்டும். வேர்கொண்டு ஓங்கியதும் நுனியை ஒருமுறை கிள்ளிவிடுவது நன்று; பக்கக் கிளைகள் பெருகிப் பூவும் பெருகும். எருவை அளவின்றி இட்டால் இலைதான் மிகும். தொட்டியில் வளர்ப்போர், அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முதலில் மலரும் பெரிய பூக்கள் சிலவற்றைப் பறிக்காமல் செடியிலேயே உலரவிட்டு, விதையெடுத்து வைப்பது பழந்தோட்டக்காரர் வழக்கம். அப்பூக்கள் காய்ந்து வரும் நாள்களில்தான், குளிர்கால மலர்களின் விதை அடுத்த பாத்தியில் இறங்குகிறது.