கடன், துண்டு, பற்றுச்சீட்டு: தோட்டத் தொழிலாளரின் விடுவிப்புச் சொற்கள்

சொற்களின் வரலாறு சமூக உறவுகளின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கத்தக்கதன்று. தமிழிலே ‘கடன்’ என்னும் சொல் கடமையையும், பிறரிடமிருந்து பெற்றுத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளையும் ஒருங்கே குறிப்பது. அதனின்று நீங்குதலை உணர்த்தும் வினை ‘தீர்தல்’ ஆகும். கடன் தீர்கிறது, பாவம் தீர்கிறது, நோய் தீர்கிறது, வழக்கும் தீர்கிறது. எச்சமின்றி முடிதலே இவை யாவற்றிற்கும் பொதுவான பொருள். இத்தகைய சொல்வளமுடைய மொழியைப் பேசிய மக்கள், இலங்கையின் பெருந்தோட்டங்களிலே தமது விடுவிப்பைத் ‘துண்டு’ என்று குறிக்க நேர்ந்தமை ஆராயற்பாலது.

கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலந்தொட்டுத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளரைத் திரட்டியவர் கங்காணியே. வழிச்செலவுக்கும் ஊரிலிருந்த பழைய கடனை அடைப்பதற்கும் கொடுக்கப்பட்ட முன்பணம், தொழிலாளி தோட்டத்தை மிதிக்குமுன்பே அவனுடைய கணக்கில் ஏறியது. பின்னர் திருமணம், சாவு, திருவிழா ஆகியவற்றுக்கான செலவுகளும் சேர்ந்தன. அரிசிக்குரிய தொகை கூலியிற் கழிக்கப்பட்டது. தோட்டம் பெரிய கங்காணிக்கும், பெரிய கங்காணி தன் கீழுள்ளோருக்கும் கடன் கொடுத்தனர். இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியிலே நின்ற தொழிலாளிக்குத் தன் கணக்கை வாசித்தறியும் வாய்ப்பு அரிதாகவே இருந்தது.

இவ்வுறவின் ஆவணமே துண்டு. குறித்த தொகையைச் செலுத்தினால் இன்ன கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கத் தாம் உடன்படுவதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சிறு கடிதம் அது. கங்காணி அதனை வேறொரு துரையிடம் கொண்டு செல்வார். புதிய துரை தொகையைக் கட்டுவார். ஆட்கள் இடம் மாறுவர். ஆயின் கடன் தீர்ந்ததா? இல்லை, கடன் கொடுத்தவரே மாறினார். செலுத்தப்பட்ட தொகை புதிய தோட்டத்தின் ஏட்டிலே மீண்டும் பற்றாக எழுதப்பட்டது. ஆட்களுக்குப் போட்டி மிகுந்தபோது, சிறப்பாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இறப்பர்ச் செய்கை விரிந்த காலத்தில், துண்டுத் தொகைகளும் உயர்ந்தன. அவ்வுயர்வின் பயன் பெரிதும் கங்காணியைச் சேர, சுமை தொழிலாளியைச் சேர்ந்தது. எனவே துண்டு விடுதலைப் பத்திரமன்று. மனித உழைப்பின் கைமாற்றுச் சீட்டேயாகும். ‘தீர்வு’ என்ற சொல் இங்கு வழங்காமற் போனமைக்கு இந்நிலையே பொருத்தமான விளக்கமாகும்.

கடனும் குற்றமும் இங்கு ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டமை மேலும் கவனிக்கத்தக்கது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற்சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. துண்டுத் தொகை செலுத்தப்படாதவன் விடுவிப்புப் பெறான். துண்டின்றிச் சென்றவனோ ஓடிப்போனவன் எனக் கருதப்பட்டான். ஒப்பந்த மீறல் குடியியல் வழக்காய் அமையாது குற்றவியல் வழக்காயமைந்தமை, முதலாளித்துவ உற்பத்தி இத்தீவிலே நிலப்பிரபுத்துவச் சாயலுடைய கட்டாயத்தைத் துணைக்கொண்டமையைக் காட்டுகின்றது.

இம்முறைக்கெதிரான குரல்களுள் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்த சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் குரல் முதன்மையானது. இந்தியாவிலே குடிபெயர்வு பற்றி எழுந்த கண்டனமும் குடியேற்ற ஆட்சியை நெருக்கியது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

எனினும் துண்டு மறைந்தபின்னரும் சீட்டு மறையவில்லை. வேறொரு தோட்டத்திலே வேலை பெறுவதற்கு முன்னைய தோட்டத்தின் விலகற் சீட்டு வேண்டப்பட்டது. மலையக வழக்கில் அது ‘பற்றுச்சீட்டு’ ஆயிற்று. பொதுவழக்கிலே பணம் பெற்றுக்கொண்டமைக்குச் சான்றாகும் இச்சொல், தோட்டத்தில் வேலைநீக்கத்தை உணர்த்தும் அச்சந்தரு சொல்லாய் மாறியது. தொழிற்சங்கத்திற் சேர்ந்தவனுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுபட்டால் வேலையோடு லயத்து அறையும் பறிபோயிற்று. முன்னர் விடுவிப்பை மறுத்தல் அடக்குமுறையாயிருந்தது. பின்னர் விடுவித்தலே அடக்குமுறையாயிற்று.

ஆகவே, விடுவிப்புச் சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. அச்சீட்டை எழுதும் கை எவருடையது என்பதே தீர்மானிக்கின்றது. கடன் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட மக்கள், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் தம் உரிமையை நிறுவ மீண்டும் பத்திரங்களைத் தேட நேர்ந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. அம்மக்களின் உழைப்பிலே வளர்ந்த இந்நாடு அவர்களுக்குத் தீர்க்கவேண்டிய கடன் இன்னும் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.