தகிப்பின் வரலாறு

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்ணுடலில் திடீரெனப் பரவும் வெம்மை மனித குலத்தைப் போன்றே பழையது. அப்பருவத்தைக் குறிக்கும் 'மெனோபாஸ்' என்ற சொல்லோ, பிரெஞ்சு மருத்துவர் கார்தான் 1821இல் வழங்கியது.

சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரையான பிரிமரினுக்கு 1942இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவரின் நூல், இப்பருவத்தைக் குறைபாட்டு நோயென்றும் ஈஸ்ட்ரோஜனால் இளமை நிலைக்குமென்றும் ஆசை காட்டியது. ஈஸ்ட்ரோஜனைத் தனித்து உண்போர்க்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் மிகுவதை 1975இல் ஆய்வுகள் வெளிப்படுத்தின. பின்னர் புரோஜெஸ்டின் சேர்த்துத் தரப்பட்டது. அக்கூட்டு மருந்தை 16,608 பெண்களிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு, மார்பகப் புற்றுநோய் முதலிய இடர்களால் 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அச்சம் பரவ, எண்ணற்ற பெண்கள் மருந்தைக் கைவிட்டுத் தகிப்பைச் சகித்தனர்.

அந்த ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கருதவில்லை. தகிப்பு வாட்டுவதோ பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய ஆண்டுகளில். அறுபதுக்குட்பட்ட, வேறு தடையேதுமற்ற பெண்களுக்குப் பொதுவாக நன்மையே மிகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஹார்மோனே அல்லாமல், மூளையின் வெப்பச் சீராக்கத்தில் செயற்படும் ஃபெசோலினெடன்ட் 2023இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது.

ஒரு காலம் எல்லோரையும் உண்ணச் சொன்னது. மறு காலம் எல்லோரையும் விலக்கியது. எதிரில் அமர்ந்திருக்கும் பெண்ணின் வயதையும் உடல்நிலையையும் கேட்டறிய இரண்டுமே மறந்தன.