ஊசிக்கு எட்டிய கணக்கு

கலியாணப் பந்தியில் விழுந்த இலைகளை எண்ணிவிட்டு, "இந்த ஊரின் ஜனத்தொகை இவ்வளவு" என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம். அழைப்பு இல்லாதவர்களும், வர முடியாதவர்களும் அந்தக் கணக்கில் எங்கே? ஆனால் அதே காரியத்தை ஒரு வைத்திய சாஸ்திர அட்டவணை செய்தால் நாம் சிரிப்பதில்லை; பக்தியோடு தலையாட்டுகிறோம். சிறுநீரக வியாதிகளின் சரித்திரத்தைப் படித்தபோது எனக்கு அடிக்கடி இந்தப் பந்தியின் ஞாபகம்தான் வந்தது.

அந்தச் சரித்திரத்தை லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் தொடங்க வேண்டும். அங்கே ரிச்சர்ட் பிரைட் என்ற டாக்டர், உடல் வீங்கி வந்த ஏழை நோயாளிகளின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காய்ச்சிப் பார்த்தார். சிலருடைய சிறுநீர் முட்டையின் வெள்ளைக் கருவைப் போல உறைந்தது. அவர்கள் இறந்த பிறகு உடலை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருந்தது. 1827-இல் இதை அவர் பிரசுரித்தார். 1842-இல் இந்த நோயாளிகளுக்கென்றே 42 படுக்கைகளை அந்த ஆஸ்பத்திரி ஒதுக்கியது.

அதன் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் எல்லாம் 'பிரைட் வியாதி'தான். 1886-இல் அமெரிக்கக் கவி எமிலி டிக்கின்ஸன் இறந்தபோது மரணச் சான்றிதழில் எழுதப்பட்ட பெயரும் அதுவே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. நுண்ணிய ரத்தக் குழாய்கள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடப்பவை. அவற்றில் எது, எப்படிப் பழுதானது என்று உயிரோடு இருப்பவரிடம் பார்க்க வழியில்லை. 1914-இல் ஜெர்மனியில் வோல்ஹார்ட், ஃபார் இருவரும் இந்த வியாதிகளை வகை பிரித்தார்கள். வோல்ஹார்ட் படுக்கை அருகில் நின்று பார்த்தவர். ஃபார் பிரேதத்தை அறுத்துப் பார்த்தவர். ஆக, செத்தவர்கள்தான் அந்நாளில் கணக்கில் சேர்ந்தார்கள்.

உயிருள்ளவரின் சிறுநீரகத்தில் ஊசியைச் செலுத்தித் துணுக்கு எடுக்க ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது. ஸ்வீடனில் ஆல்வால் 1944-இல் முயன்றார். ஒரு நோயாளி இறந்ததும் நிறுத்திவிட்டார். கோபன்ஹேகனில் ஈவர்ஸனும் புருனும் நோயாளியை உட்கார வைத்துச் செய்த முறையை 1951-இல் வெளியிட்டார்கள். சிகாகோவில் கார்க்கும் முர்க்கியும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். 1954-இல் அவர்கள் சொன்ன கணக்கு, 50 பேரில் 48 பேருக்குத் துணுக்கு கிடைத்தது என்பது. பயாப்சி என்ற சொல்லோடு நம்முடைய பந்தியும் இங்கே தொடங்குகிறது. ஊசியில் ஆபத்து உண்டு. ஆகையால் யாருக்குக் குத்துவது, யாரை விடுவது என்று டாக்டர் தீர்மானித்தாக வேண்டும்.

1968-இல் பாரிஸில் ழான் பெர்ழே, நிக்கோல் ஆங்க்லே இருவரும் ஒளிரும் சாயம் கொண்டு துணுக்குகளைச் சோதித்து, 'ஐஜிஏ' என்ற ரத்தப் புரதம் வடிகட்டியில் படிந்து கெடுக்கும் வியாதியைக் கண்டார்கள். ரத்தம் சிறுநீரில் லேசாகக் கசியும், வலி கிடையாது. ஆனால் இருபது வருஷத்துக்குள் நூற்றுக்கு 20 முதல் 40 பேர் வரை சிறுநீரகத்தையே இழக்கிறார்கள். உலகப் பயாப்சிக் கணக்குகளில் முதலிடம் இன்று பெரும்பாலும் இதற்குத்தான்.

தேசத்துக்குத் தேசம் இந்தக் கணக்கு மாறும். ஜப்பானில் மிக அதிகம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குறைவு. ரத்தப் பரம்பரை ஒரு காரணம், மெய்தான். ஆனால் ஜப்பானில் 1974 முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அனைவரின் சிறுநீரையும் வருஷாவருஷம் சோதிக்கிறார்கள். சொட்டு ரத்தம் தெரிந்தாலும் விசாரணை; தேவைப்பட்டால் ஊசி. பிரிட்டனில் அந்த அளவு ரத்தத்துக்கு மட்டும் ஊசியை எடுப்பது அபூர்வம். வாசல் அகலமாக இருந்தால் கூட்டம் பெரிதாகத்தானே தெரியும்? 2003-இல் ஜப்பானில் இன்னொரு உண்மை வெளிவந்தது. சிறுநீரகம் தானம் செய்தவர்களிடமிருந்து வந்த 510 சிறுநீரகங்களைச் சோதித்தபோது 82-இல் அந்தப் புரதம் படிந்திருந்தது. கொடுத்தவர்களுக்கோ வியாதி இருப்பதாக யாரும் நினைக்கவில்லை!

குழந்தைகளின் கதை இதற்கு நேர் எதிர். 1978-இல் பல தேசங்கள் சேர்ந்து, உடல் வீங்கிய 521 குழந்தைகளுக்குப் பயாப்சி செய்து பார்த்தார்கள். நான்கில் மூன்று பங்குக் குழந்தைகளுக்கு இருந்தது 'மிகக் குறைந்த மாற்றம்' என்ற சாதுவான வகை. ஸ்டீராய்டு மருந்துக்கு அது பெரும்பாலும் கட்டுப்படும். இது தெரிந்ததும் டாக்டர்கள், 'முதலில் மருந்து; கேட்காவிட்டால்தான் ஊசி' என்று விதி செய்துகொண்டார்கள். நல்ல விதிதான். ஆனால் அன்றிலிருந்து குழந்தைகளின் பயாப்சிப் பட்டியலில் பிடிவாதமான வியாதிகள் பெருத்துத் தெரிகின்றன. வியாதி மாறவில்லை, அழைப்பு மாறிவிட்டது. நீரிழிவுக்காரர்களும் அப்படித்தான். சிறுநீரகம் கெட்டு வருகிறவர்களில் அவர்களே அதிகம். ஆனால் காரணம் தெளிவாகத் தெரிவதால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஊசி கிடையாது.

இதெல்லாம் டாக்டர்கள் அறியாததல்ல. ஒவ்வொரு அட்டவணையின் தலைப்பிலும் 'பயாப்சி செய்யப்பட்டவர்களில்' என்று எழுதித்தான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள் நாம்தான்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: மேடைக்கு வராத பாத்திரங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பான். 2012-இல் வெளியான இந்தியச் சிறுநீரக நோய்ப் பதிவேட்டில் அப்படிச் சிலரைக் கண்டேன். அதில் 52,273 பேர் இருக்கிறார்கள். நூற்றுக்குப் 16 பேருக்கு வியாதியின் காரணம் தெரியவில்லை. மற்றவர்களைவிட அவர்கள் இளையவர்கள், ஏழைகள், வியாதி முற்றிய பிறகு வந்தவர்கள் என்கிறது பதிவேடு. சிறுநீரகம் சுருங்கித் தழும்பாகிவிட்ட பின் ஊசி போட்டும் பயனில்லை, ஆபத்துதான் மிச்சம்.

அவர்களுக்கு இருந்தது ஐஜிஏ வியாதியா, வேறொன்றா? எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது. பிரைட் பிடித்தது ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவத்தியும்தான். அந்த அளவு சோதனை அவர்களுக்கு நேரத்தில் கிடைத்திருந்தால், அவர்களுக்கும் பந்தியில் ஓர் இலை விழுந்திருக்கும்.