யின் யோகம்: மூன்று மரபுகள் இணைந்த வரலாறு

உலகின் பெருநகரங்கள் பலவற்றில் இன்று 'யின் யோகம்' என்னும் பெயரில் வகுப்புகள் நடைபெறுகின்றன. மாணவர் தரையில் அமர்ந்தோ கிடந்தோ, தசைகளைத் தளர்த்தி, ஒரே நிலையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை இருப்பர். இந்நிலை சிறுநீரகப் பாதையைத் தூண்டும், அந்நிலை கல்லீரல் பாதையைத் தூண்டும் என்று ஆசிரியர் விளக்குவார். உள்ளே எழும் உணர்வுகளைக் கவனிக்குமாறும் கூறுவார். ஆசனம் இந்தியாவினது, பாதைகள் சீன மருத்துவத்தினுடையவை, உட்கவனிப்பு முறை மேலைநாட்டுச் 'சோமாட்டிக்' உடற்கல்வியை ஒத்தது. மூன்றும் தொன்றுதொட்டே ஒன்றாக வந்தவை என்று மாணவர் எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் இவ்விணைப்பின் வயது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளே.

இவற்றுள் சீன மரபின் பழமைக்கு மண்ணுக்குள்ளிருந்தே சான்று கிடைத்தது. 1973-இல் சாங்ஷா நகரின் மாவாங்துயி என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை ஒன்று அகழப்பட்டது. அதிலிருந்த பட்டோவியத்தில் 44 மனித உருவங்கள் குனிந்தும் நிமிர்ந்தும், விலங்குகளைப் போல அசைந்தும் காணப்படுகின்றன. 'தாவோயின்' எனப்படும் சீன உடற்பயிற்சியின் ஓவியம் அது. அதே கல்லறையில் கிடைத்த மருத்துவச் சுவடிகள் உடலில் பதினொரு பாதைகள் உள்ளன என்கின்றன. பின்னர் தோன்றிய 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்னும் மூலநூலிலோ அவை பன்னிரண்டு. இந்த ஒரு வேறுபாடே, அம்மருத்துவம் ஒரே நாளில் முழுமையாக அருளப்பட்டதன்று, தலைமுறைதோறும் திருத்தப்பட்டு வளர்ந்தது என்பதை விளக்கப் போதுமானது.

இருபதாம் நூற்றாண்டில் அம்மரபு அழிவின் விளிம்பையும் கண்டது. பழைய மருத்துவத்தை ஒழிக்க வேண்டும் என்னும் தீர்மானம் 1929-இல் அரசின் சுகாதார மாநாட்டில் ஏற்கப்பட்டது. நாடெங்கிலுமிருந்து மருத்துவர்கள் ஷாங்காயில் திரண்டு அதனை எதிர்த்தனர். பின்னர் வந்த பொதுவுடைமை அரசு 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்து ஆகிய நான்கு நகரங்களில் கல்லூரிகள் நிறுவியது. ஊருக்கு ஊர், ஆசானுக்கு ஆசான் மாறுபட்டிருந்த முறைகள் பொதுப் பாடத்திட்டத்திற்குள் கொண்டுவரப்பட்டன. 1971-இல் அமெரிக்க இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்டார். பின்னர் வந்த வலிக்கு அக்குபங்சர் சிகிச்சை பெற்றதை அவர் நியூயார்க் டைம்ஸில் எழுதவே, மேலைநாட்டாரின் ஆர்வம் பெருகியது. ஊசி குத்தியே அவருக்கு அறுவை செய்தார்கள் என்று இன்றும் சொல்லப்படுவது தவறு. அறுவைக்கு வழக்கமான மருந்துகளே பயன்பட்டன.

யோகம் கடல் கடந்த வழி பலரும் அறிந்ததே. 1930-களில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார், பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 1989-இல் மறைந்தார். அவரிடம் பயின்ற இந்திரா தேவி 1939-இல் ஷாங்காயிலும், 1947-க்குப் பின் ஹாலிவுட்டிலும் யோகம் கற்பித்தார்.

மூன்றாம் மரபு இவ்விரண்டையும்விட மிக இளையது. இயற்பியலறிஞர் மோஷே பெல்டன்கிரைஸ், ஜூடோவை உருவாக்கிய கானோவை 1933-இல் பாரிஸில் சந்தித்து அக்கலையை ஏற்றவர். காயமுற்ற தம் முழங்காலைக் கொண்டு, சிறு அசைவுகளைக் கூர்ந்து கவனித்து மீண்டும் நடக்கப் பழகும் முறையொன்றை அவர் வகுத்தார். எழுபது வயதை எட்டிய இஸ்ரேல் பிரதமர் பென் குரியனைத் தலைகீழாக நிற்கப் பயிற்றியவரும் இவரே. இவரிடம் பயின்ற தாமஸ் ஹன்னா, உடல் எனப் பொருள்படும் 'சோமா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1970-களில் 'சோமாட்டிக்ஸ்' என்னும் பெயரை வழங்கினார். பிறர் வெளியிலிருந்து காணும் உடலும், ஒருவர் தமக்குள்ளிருந்து உணரும் உடலும் வேறு என்பதே அவர் கருத்தின் அடிப்படை. நம் வாசகர்க்குக் காயோத்சர்க்கம் நினைவுக்கு வரக்கூடும். அங்கே உடற்பற்று நீங்குவதற்காக உடல் அசைவற்று நிறுத்தப்படுகிறது. இங்கே உடலை அறிந்து அதனைச் சீர்செய்வதற்காக அது மெல்ல அசைக்கப்படுகிறது. கவனம் இரண்டிலும் உண்டு, நோக்கம் ஒன்றன்று.

இனி இவை சந்தித்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. தற்காப்புக் கலைஞர் பாலி ஜிங்க் தாவோ மரபுப் பயிற்சிகளை அங்கே கற்பித்து வந்தார். யோக ஆசிரியர் பால் கிரில்லி 1980-களின் இறுதியில் அவரிடம் பயின்றார். ஜிங்கின் பயிற்சியில் அசைவுகளும் மிகுதியாக உண்டு. நெடுநேரம் அமரும் நிலைகளே பின்னர் தனியே பரவின. ஜப்பானியரான ஹிரோஷி மோட்டோயாமா, ஷிண்டோ குருவாகவும் ஆய்வாளராகவும் விளங்கியவர். நாடிகள், சக்கரங்கள், சீன மருத்துவப் பாதைகள் ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதிய அவர், அப்பாதைகள் இணைப்புத் திசுவின் நீர்மப் பகுதி வழியே செல்கின்றன என்று கருதினார். அவரிடமும் பயின்ற கிரில்லி, நெடுநேர ஆசனம் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் என்பதையும் மோட்டோயாமாவின் கருத்தையும் ஒன்றாக்கிக் கற்பித்தார். அவரது நூல் 2002-இல் வெளிவந்தது. 'யின் யோகம்' என்னும் பெயர் நிலைபெற்றதில் ஆசிரியை சாரா பவர்ஸுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் பௌத்தத் தியானத்தையும் இதனுடன் சேர்த்தார்.

இவ்வரலாற்றை வகுப்பில் மறைப்பதனால் இழப்பு மாணவர்க்கே. மோட்டோயாமா முன்வைத்தது ஒரு கருதுகோள். அப்பாதைகளைத் தனி உறுப்பாக உடற்கூற்றியல் இன்றுவரை காட்டவில்லை. யோக நூல்கள் கூறும் 72,000 நாடிகளும் சீனரின் பன்னிரண்டு பாதைகளும் ஒன்றே என்று ஆசிரியர் சொல்லும்போது, இரு நாட்டாரின் நுட்பமும் ஒருங்கே மறைந்துபோகிறது. சிறுநீரகப் பாதை என்னும் சொல்லைக் கேட்டு, சிறுநீரக நோய்க்கு ஆசனமே மருந்தென்று நம்பி மருத்துவரை நாடாதவருக்கு நேரும் தீங்கோ எளிதில் ஈடுசெய்யத்தக்கதன்று.

கிரில்லியின் போதனையில் மிக உறுதியாக நிற்கும் பகுதி இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்ததன்று. உண்மையான மனித எலும்புகளைப் பக்கம்பக்கமாக வைத்து அவர் மாணவர்க்குக் காட்டுவார். ஒருவரின் தொடையெலும்புக் கழுத்து சாய்ந்திருக்கும் கோணம் மற்றவருடையதை ஒத்திராது. இடுப்புக் குழியின் ஆழமும் திசையும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஒருவர் எளிதில் அமரும் பத்மாசனம், எத்தனை ஆண்டு முயன்றாலும் மற்றொருவரின் எலும்புக்கு இயலாததாக இருக்கலாம். முயற்சி மிகுந்தால் சேதமடைவது அவரது முழங்கால்.