தீவிரவாதி: மலாயாத் தோட்டப்புற வழக்கு

தீவிரவாதி என்பது, அரசியல் கொள்கையில் சமரசத்துக்கு இணங்காத வேகமுடையவனைக் குறிக்கும் வடமொழி வழிச் சொல். 1907-இல் சூரத்துக் காங்கிரஸ் பிளவுபட்டபோது, விண்ணப்ப முறையை நம்பிய மிதவாதிகளுக்கு எதிர்நிலையில் நின்ற திலகர், வ. உ. சிதம்பரம் பிள்ளை முதலியோரைச் சுட்டிய இச்சொல், தேசாபிமானிகளின் நாவில் பெருமிதத்தோடேயே வழங்கிற்று. பயங்கரவாதி என்பது வேறு: முன்னது கொள்கையின் உறைப்பையும், பின்னது கொலையும் அச்சுறுத்தலுமாகிய உபாயத்தையும் குறிக்கும்.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் இவ்வேறுபாடு அழிந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்த் தொழிலாளர் கேட்டவை, சீனருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையையும் (தோட்ட மேலாளர்) கிராணியையும் (எழுத்தர்) கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழித்தல் முதலியனவே. இவற்றுள் தீவிரம் யாது? ஆயினும் படை ஏவப்பட்டது, சிலர் சுடப்பட்டு மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பின்னர் வந்த ஜப்பானிய ஆட்சியில், சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டோர் போக எஞ்சியவருள் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். நெகிரி செம்பிலானின் தலைநகரான சிரம்பானில் அதற்குப் பயிற்சி முகாம் இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் செய்தி அப்படையின் தலைவர் நேதாஜியை எட்டியதும் அவ்வூரிலேதான். தோட்டத்தில் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்பு வரிசைக்கு) நின்று பேர் கொடுத்தே பழகியவன் அணிவகுத்து நிமிர்ந்து நடந்தபின், மீண்டும் சைக்கிளை விட்டு இறங்குவானா? தோட்டப்புறத் தீவிரத்தின் மூலகாரணம் நூலறிவன்று, இந்த மானவுணர்ச்சியே என்பது எம் துணிபு.

அப்படையிலிருந்து தொழிற்சங்கத்துக்கு வந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க, 1948 ஜூனில் பிரிட்டிஷ் அரசாங்கத்தால் அவசரகாலம் பிரகடனமாயிற்று, சம்மேளனமும் பதிவிழந்தது. காடேறிய கம்யூனிஸ்டுகளின் கைகளால் துரைமார் மட்டுமன்றித் தொழிலாளரும் மாண்டனர் என்பதை மறைத்தல் தகாது. ஆனால் சங்கத்தில் பேர் பதிந்த மாத்திரத்தால் சந்தேகத்துக்கு ஆளானோர் துயரமும் சிறிதன்று. அரசாங்கம் போராளிகளை முதலில் கொள்ளைக்காரர் என்றும், 1952 முதல் கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள் என்றும் பெயரிட்டது. கணபதியோ, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இதற்கு மாறாக, நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்த பி. பி. நாராயணன் மிதவாத மார்க்கத்தைத் தெரிந்துகொண்டார். மாநிலச் சங்கங்கள் இணைந்து 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு அவரே பொதுச்செயலாளராகி, கூலியுயர்வைத் தோட்ட முதலாளிகளோடு மேசையில் அமர்ந்து பேசும் முறையை நிலைநாட்டினார்.