ஜார்ஜியா மாநிலச் செனட் தேர்தல், 1962: தொகுதி எல்லையும் வாக்குப் பெட்டியும்

தேர்தல் முடிவுப் பட்டியலை வரலாற்றுச் சான்றாகக் கையாளுவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு அமைந்துவிடுகின்றனர்: வென்றவர் யார்? வாக்கு வேறுபாடு எவ்வளவு? அவ்வெண்கள் எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டன, எண்ணியவர் யார், எண்ணிக்கையில் சேராது விடப்பட்டவர் யார் என்பன பட்டியலில் இடம்பெறுவதில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றான ஜார்ஜியாவில் 1962ஆம் ஆண்டு நடைபெற்ற மாநிலச் செனட் தேர்தலை இக்கோணத்தில் அணுக இக்கட்டுரை முற்படுகிறது.

ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள் உள்ளன. 1917ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலப் பதவிகளுக்கான ஜனநாயகக் கட்சி முதனிலைத் தேர்தலில் 'கவுண்டி அலகு முறை' பின்பற்றப்பட்டது. மக்கள்தொகை மிகுந்த எட்டுக் கவுண்டிகளுக்குத் தலா ஆறு அலகுகள். அடுத்த முப்பதுக்குத் தலா நான்கு. எஞ்சிய 121 கவுண்டிகளுக்குத் தலா இரண்டு. ஒரு கவுண்டியில் முந்தியவருக்கு அதன் அலகுகள் அனைத்தும் சேரும். அட்லாண்டா நகரை உள்ளடக்கிய ஃபுல்டன் கவுண்டியின் மக்கள்தொகை 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 556,326. எக்கோல்ஸ் கவுண்டியில் 1,876 பேர். முன்னதற்கு ஆறு அலகு, பின்னதற்கு இரண்டு. எக்கோல்ஸ்வாசி ஒருவரின் செல்வாக்கு ஃபுல்டன்வாசிகள் 99 பேரின் செல்வாக்குக்கு நிகர் என்று பின்னாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கணக்கிட்டுக் காட்டப்பட்டது. 1946ஆம் ஆண்டு ஆளுநர் முதனிலைத் தேர்தலில் மொத்த வாக்குகளில் பின்தங்கிய யூஜின் டால்மட்ஜ் அலகுகளால் வென்றதும் இம்முறையின் விளைவே.

செனட் அமைப்பு இதனினும் விந்தையானது. 54 தொகுதிகளில் மிகப் பெரும்பாலானவை மும்மூன்று கவுண்டிகளால் ஆனவை. இரண்டாண்டுக்கு ஒருமுறை உறுப்பினர் பதவி அக்கவுண்டிகளிடையே சுழன்று வரும். நம் கோயில்களில் ஆண்டுதோறும் உபயம் முறை மாறுவதை நினைவூட்டும் இவ்வேற்பாட்டில் எந்தச் செனட்டரும் அவையில் வேரூன்ற இயலவில்லை. தொகுதிக்கு என ஒரு பொது வாழ்வே இருந்ததில்லை எனலாம்; கவுண்டித் தலைவர்களே உண்மையான அதிகாரம் உடையோராயினர்.

தொகுதிச் சமமின்மை நீதிமன்ற விசாரணைக்கு உரியதே என்று பேக்கர் எதிர் கார் வழக்கில் 1962 மார்ச் 26இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று நடைமுறையிலிருந்த அலகு முறையைத் தடைசெய்தது. மே மாதம் டூம்ஸ் எதிர் ஃபோர்ட்சன் வழக்கில், சட்டமன்றத்தின் ஈரவைகளுள் ஒன்றேனும் மக்கள்தொகை அடிப்படையில் அமைதல் வேண்டும் எனப்பட்டது. மாநில அரசு செனட்டைத் தேர்ந்துகொண்டது. சிறப்புக் கூட்டத்தில் 54 தொகுதிகளும் புதிதாக வரையப்பட்டன. ஒரே உறுப்பினரை உடைய ஃபுல்டனுக்கு ஏழு இடங்கள் கிடைத்தன.

தீர்ப்புகளை மட்டும் கொண்டு வரலாறு எழுதுவோர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வர். 14ஆம் தொகுதியின் முடிவு நம்மை மேலும் செல்லத் தூண்டுகிறது. மாநிலத்தின் தென்மேற்கில் ஏழு கவுண்டிகளை இணைத்து அமைந்த அத்தொகுதியில் நிலக்கடலை வணிகரும் பள்ளி வாரிய உறுப்பினருமான ஜிம்மி கார்ட்டர் போட்டியிட்டார். அக்டோபர் 16 முதனிலைத் தேர்தலில் எதிர்வேட்பாளர் ஹோமர் மூர் 139 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. குயிட்மன் கவுண்டியின் ஜார்ஜ்டவுன் வாக்குச்சாவடியிலோ வழங்கப்பட்ட வாக்குச்சீட்டுகள் 333. பெட்டியில் இருந்தவை 420. நூற்றுக்கும் மேற்பட்டோர் அகர வரிசைப்படி வந்து வாக்களித்ததாகப் பதிவேடு கூறியது. அவர்களுள் இறந்தோரும் சிறையிலிருந்தோரும் அடங்குவர். ஜோ ஹர்ஸ்ட் என்ற உள்ளூர்த் தலைவரின் பிடியில் இருந்தது அக்கவுண்டி. மறு எண்ணிக்கைக் குழு அப்பெட்டியை முற்றிலும் ஒதுக்கவே, கார்ட்டர் 65 வாக்குகளில் முந்தினார். வழக்கு தொடர்ந்து, பொதுத்தேர்தலுக்கு முந்திய இரவுதான், இருவர் பெயரையும் நீக்கி வாக்காளர் தம் விருப்பத்தைக் கையால் எழுதுமாறு ஆணை பிறந்தது. நவம்பர் 6இல் ஏறத்தாழ 800 வாக்கு வேறுபாட்டில் கார்ட்டர் வென்றார். 1992இல் அவர் வெளியிட்ட 'டர்னிங் பாயிண்ட்' என்னும் நூல் இத்தேர்தலைப் பற்றியதே. வென்றவர் எழுதிய வரலாறு என்ற எச்சரிக்கையோடு படிக்கத்தக்க நூல் அது.

எல்லையை நீதிமன்றம் மாற்றிய அதே ஆண்டில் பெட்டி பழைய கைகளிலேயே இருந்தது. ஆயினும் புதிய எல்லையால்தான் அக்கைகள் வெளிப்பட்டன என்பது நம் கருத்து. ஏழு கவுண்டிகள் ஒருசேர வாக்களித்தபோது ஒரு கவுண்டியின் மோசடி மற்ற ஆறின் வாக்காளரையும் பாதித்தது. ஆகவே அது வழக்கானது. பழைய சுழல்முறையில் அது அவ்வூர் விவகாரமாகவே அடங்கியிருக்கும்.

இனி, பட்டியல் மறைப்பதைக் காண்போம். அந்நவம்பரில் 14ஆம் தொகுதியில் பதிவான வாக்குகள் ஐயாயிரத்தைச் சற்றே தாண்டின. பல்லாயிரவர் வாழ்ந்த ஏழு கவுண்டிகளுக்கு இது மிகக் குறைவு. தொகுதி மக்கள்தொகையால் வரையப்பட்டது. அம்மக்கள்தொகையில் கறுப்பினத்தவரும் எண்ணப்பட்டனர். வாக்காளர் பட்டியலிலோ அவர்களுள் மிகச் சிலரே இருந்தனர். அத்தொகுதிக்குள் அடங்கிய டெரல் கவுண்டிப் பதிவாளர்கள் கறுப்பினத்தவரைப் பாகுபடுத்தியதற்காகக் கூட்டாட்சி அரசு தொடுத்த வழக்கு 1960இலேயே உச்ச நீதிமன்றம் வரை சென்றிருந்தது. எண்ணப்பட்டும் வாக்கற்றோரின் எடை, வாக்குடையோர் கையில் சேர்ந்தது. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்துக்கு முன்னர் 'சம மக்கள்தொகை' என்ற சொல்லை நாம் இக்குறைபாட்டோடு சேர்த்தே ஆளுதல் வேண்டும்.

அட்லாண்டாவின் 38ஆம் தொகுதி இதற்கு மறுதலை. பல தொகுதிகளை உடைய கவுண்டிகளில் ஒவ்வோர் உறுப்பினரையும் கவுண்டி முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் எனப் புதிய சட்டம் விதித்திருந்தது. அவ்வாறாயின் கறுப்பினத்தவர் மிகுந்த தொகுதியின் உறுப்பினரையும் வெள்ளையர் பெரும்பான்மையே தீர்மானிக்கும். அக்டோபரில் ஃபுல்டன் நீதிமன்றம் அவ்விதியை ஏற்க மறுத்தது. வழக்கறிஞர் லீராய் ஜான்சன் வென்று, உள்நாட்டுப் போருக்குப் பிந்திய மறுசீரமைப்புக் காலத்திற்குப் பின் ஜார்ஜியாச் செனட்டில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரானார். எனினும் கவுண்டி தழுவிய வாக்களிப்பு முறையில் அடிப்படைக் குறை எதுவும் இல்லை என்று 1965இல் உச்ச நீதிமன்றம் ஃபோர்ட்சன் எதிர் டோர்சி வழக்கில் கூறியது, எல்லை வரைவோரின் கலை இன்னும் தீர்ந்துவிடவில்லை என்பதற்குச் சான்று.

இங்கு ஒன்றைக் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. ஜார்ஜியா கிராமப்புற மிகையெடையைக் கைவிட நேர்ந்த அதே 1962இல், மலாயாவில் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தம் கிராமப்புறத் தொகுதியொன்று நகர்ப்புறத் தொகுதியின் பாதி வாக்காளரோடு அமைய இடமளித்தது. 1973இல் அவ்வரம்பும் நீங்கியது. தேர்தல் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விரு நிகழ்வுகளையும் ஒரே வகுப்பில் வைத்து நோக்கலாம்.

1963 மார்ச்சில் அலகு முறையை உச்ச நீதிமன்றம் 8–1 என்ற கணக்கில் நிராகரித்தது. 1964 ஜூனில் ரெய்னால்ட்ஸ் எதிர் சிம்ஸ் தீர்ப்பு ஈரவைகளுக்கும் மக்கள்தொகை அளவுகோலை விதித்தது. 1965இல் புதிய எல்லைகளின்கீழ் ஜார்ஜியாக் கீழவைக்குத் தேர்வான ஜூலியன் பாண்டை, வியட்நாம் போர் எதிர்ப்புக் கருத்துக்காக அவை ஏற்க மறுத்தது. 1966 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவர் தம் இருக்கையில் அமர்ந்தார்.